டெஸ்ட் எல்லாம் நார்மல் என்றால் ரத்தக்குழாயும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 26. பதினேழு வயதில், பாலிடெக்னிக் சேர்ந்த வருஷம் தொடங்கிய சிகரெட். கையில் காசு குறைந்தால் பீடி. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வரை போய், இப்போது நாலுக்குக் குறைத்திருக்கிறார். வேலைக்குச் சேருவதற்காக எடுத்த ஈசிஜி, பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் எல்லாம் நார்மல். "அப்படியென்றால் என் ரத்தக்குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? முப்பது வயதுக்குள் விட்டுவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்கிறார்களே, உண்மையா?" என்பது அவர் கேள்வி. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: கொஞ்ச நாளாக வேகமாக நடந்தால் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நரம்பு இழுக்கிறது போல.

தம்பி, எழுத்தில் இருப்பது இரண்டு கேள்வி. இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: இன்னும் எத்தனை வருஷம் இப்படியே ஓட்டலாம்? தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரத்தநாள அறுவைச் சிகிச்சையில் இருபது வருஷத்துக்கு மேல் இருப்பவன் நான். பாளையங்கோட்டையில் உட்கார்ந்து தென்காசி, அம்பை, வள்ளியூர், திசையன்விளை என்று எல்லாப் பக்கத்துக் கால்களையும் பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்கு அப்புறம் விட்டால் போதுமா, பிள்ளை பிறந்த பிறகு விட்டால் போதுமா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேட்பது இதைத்தான். நேரில் பார்க்காமல், காலைத் தொடாமல், உங்களுக்கு இன்ன நோய் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் மருத்துவத்துக்கு உறுதியாகத் தெரிந்தது எது, இன்னும் இழுபறியில் இருப்பது எது என்று பிரித்துச் சொல்லலாம். அந்தக் கெண்டைக்கால் வரிக்குக் கடைசியில் வருகிறேன். நீங்கள் எழுதியதிலேயே முக்கியமான வரி அதுதான்.

முதலில் அந்த டெஸ்டுகள். பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் மூன்றும் குழாய்க்குள் ஓடுகிற ரத்தத்தையும் அதன் அழுத்தத்தையும் பற்றிச் சொல்பவை. ஈசிஜி இதயத்தின் மின்னோட்டத்தை, அதுவும் நீங்கள் அசையாமல் படுத்திருக்கும் சில நொடிகளுக்கு மட்டும் பதிவு செய்வது. இதில் எதுவும் குழாயின் சுவரைப் பார்ப்பதில்லை. வாய்க்கால் தண்ணீரை ஒரு சொம்பில் மொண்டு சோதித்துவிட்டு, கரை உறுதியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? தண்ணீர் நல்ல தண்ணீராகவே இருக்கும். கரை எங்கே அரித்திருக்கிறது என்பது கரையில் இறங்கி நடந்தவனுக்குத்தான் தெரியும். இதயத்துக்குப் போகும் தமனி ஒன்று பாதிக்கு மேல் சுருங்கியிருக்கும்போதும், படுத்த நிலையில் எடுத்த ஈசிஜி நார்மலாக வரலாம். உங்கள் ரிப்போர்ட் பொய் என்று சொல்லவில்லை. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை என்பது நல்ல செய்திதான். புகையோடு அவையும் சேர்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். நீங்கள் கேட்ட கேள்விக்கு அந்த ரிப்போர்ட்டில் பதில் இல்லை, அவ்வளவுதான்.

புகை முதலில் கெடுப்பது குழாயின் உட்படலத்தை. எண்டோதீலியம் என்பார்கள். உடம்பில் உள்ள அத்தனை ரத்தக்குழாய்க்கும் உள்பக்கத்தில், ஒரே ஒரு செல் கனத்துக்குப் பாவியிருக்கும் படலம். வெறும் பூச்சு என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அது தானே வேலை செய்கிற ஓர் உறுப்பு என்பது 1980-களில்தான் தெளிவானது. நீங்கள் ஓடும்போது காலுக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். அப்போது இந்தப் படலம் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கும். சுவரில் உள்ள தசை தளரும், குழாய் விரியும். ரத்தத்தின் தட்டணுக்கள் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் பார்ப்பதும், வெள்ளணுக்கள் சுவருக்குள் நுழையாமல் தடுப்பதும் அதே வாயுதான். இதன் வேலையைக் கண்டறிந்ததற்காக பர்ச்காட், இக்னாரோ, முராத் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

ஒரு இழுப்பில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்கள் உள்ளே போகின்றன. ரத்தக்குழாயைப் பொறுத்தவரை மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். நிக்கோட்டின், அட்ரினலினைச் சுரக்க வைத்து இதயத் துடிப்பையும் பிரஷரையும் ஏற்றும், விரல்களிலும் தோலிலும் உள்ள சிறு குழாய்களைச் சுருக்கும். கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும், ரத்தம் சுமக்கிற ஆக்சிஜன் குறையும். மூன்றாவது, ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் நிலைகொள்ளாத மூலக்கூறுகள். நைட்ரிக் ஆக்சைடு தன் வேலையைச் செய்வதற்கு முன்பே அதை அழிப்பவை இவைதான். கெட்ட கொழுப்பை இன்னும் கெடுத்துச் சுவருக்குள் தங்க வைப்பதும் இவைதான். கூடவே தட்டணுக்களில் பசைத்தன்மை ஏறுகிறது, ஃபைப்ரினோஜன் என்ற உறையவைக்கும் புரதம் கூடுகிறது. சுருங்கிய குழாய், ஒட்டுகிற ரத்தம், குறைந்த ஆக்சிஜன், எல்லாம் ஒரே நேரத்தில். எல்லாக் கேட்டுக்கும் நிக்கோட்டினே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அடிமையாக்குவது நிக்கோட்டின். சுவரை அரிப்பதில் பெரும்பங்கு எரிந்த புகைக்கு. இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், விடுகிற கட்டத்தில் உதவும்.

இதெல்லாம் அறுபது வயதுக்காரர்களின் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கையில் பிரஷர் பட்டையைச் சில நிமிடம் இறுக்கிக் கட்டி, அவிழ்த்ததும் பாய்ந்து வருகிற ரத்தத்துக்குத் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் அளக்கும் முறை 1990-களின் தொடக்கத்தில் வந்தது. வேறு நோய் ஒன்றும் இல்லாத, இளவயதுப் புகைப்பவர்களிடம் அப்படி அளந்த முடிவு 1993-ல் வெளியானது. புகைக்காதவர்களின் தமனி விரிந்த அளவுக்கு இவர்களுடையது விரியவில்லை. எவ்வளவு கூடுதலாகப் புகைத்திருந்தார்களோ அவ்வளவு குறைவாக விரிந்தது. அமெரிக்காவில் இன்னொரு பெரிய ஆய்வு, விபத்து போன்றவற்றில் திடீரென இறந்த 15 முதல் 34 வயது வரையானவர்களின் தமனிகளைத் திறந்து பார்த்தது. இறந்தவரிடம் புகைத்தாயா என்று கேட்க முடியாது அல்லவா, புகைப்பவர்களின் ரத்தத்தில் கூடுதலாக இருக்கும் தயோசயனேட் என்ற வேதிப்பொருளின் அளவைப் பார்த்துப் புகைத்தவர்களைப் பிரித்தார்கள். அவர்களுடைய வயிற்றுப் பெருந்தமனியில் கொழுப்புக் கோடுகளும் மேடு தட்டிய படிவுகளும் கூடுதலாக இருந்தன. இவர்கள் யாரும் நோயாளிகள் இல்லை. முந்தின நாள் வரை நடமாடியவர்கள். ஈசிஜி எடுத்திருந்தால் பெரும்பாலோருக்கு நார்மல் என்றுதான் வந்திருக்கும்.

பன்னிரண்டை நாலாகக் குறைத்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனதைக் கஷ்டப்படுத்த எனக்கு விருப்பம் இல்லை, ஆனால் இதைச் சொல்லியாக வேண்டும். நுரையீரல் புற்றுநோயில் எண்ணிக்கை குறையக் குறைய ஆபத்தும் ஏறத்தாழ அதே கணக்கில் குறையும். ரத்தக்குழாய் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. பல நாடுகளின் நீண்டகால ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018-ல் வெளியிட்டபோது தெரிந்தது இது: நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், இருபது பிடிப்பவருக்கு உள்ள கூடுதல் இதயநோய் ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி இருக்கிறது. இருபதில் ஒரு பங்காக இருக்கும் என்று நாம் நினைக்கிற இடத்தில் பாதி. உட்படலமும் தட்டணுவும் சிறிதளவு புகைக்கே ஏறத்தாழ முழுவேகத்தில் துள்ளிவிடுகின்றன என்பதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. நாலு என்பது பூஜ்யத்துக்குப் போகிற வழியில் ஒரு திண்ணை என்றால் சரி, உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கேயே குடியிருந்தால் குழாய்க்குப் பெரிய லாபம் இல்லை.

அப்புறம் பீடி. நம்ம ஊரில் இதைப் பேசாமல் இருக்க முடியாது. முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர், மேலப்பாளையம் என்று எங்கே போனாலும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பெண்கள் சுற்றிக்கொண்டிருப்பார்கள். வடக்கே மத்தியப் பிரதேசம், ஒடிசா காடுகளிலிருந்து வருகிற இலை. கடையிலிருந்து இலையும் தூளும் வாங்கிவந்து, இலையை நனைத்து, அளவு வைத்து வெட்டி, தூள் போட்டுச் சுருட்டி, நூல் கட்டி, எண்ணிக் கட்டாக்கிக் கொடுக்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் பிறக்கிற பொருள் என்பதால் அதன்மேல் நமக்குப் பயமே வருவதில்லை. "இலைதான சார், பேப்பர் இல்லையே" என்பார்கள். பீடிக்குள் இருக்கும் தூள் கால் கிராம் அளவுதான், சிகரெட்டைவிட மிகவும் குறைவு, அது உண்மை. ஆனால் அந்த இலை காகிதத்தைப் போலக் காற்றை உள்ளே விடாது, கொஞ்சம் அசந்தால் அணைந்துவிடும். அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் நிக்கோட்டினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமல், பல சமயம் கூடுதலாகவே உள்ளே போகின்றன. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், பீடி மட்டும் பிடிப்பவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு புகைக்காதவர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. சிகரெட்டுக்கும் அதே அளவுதான். 2008-ல் வந்த இந்திய ஆய்வு ஒன்று, பீடி பிடிக்கும் ஆண்கள் சராசரியாக 6 ஆண்டும் சிகரெட் பிடிக்கும் ஆண்கள் 10 ஆண்டும் ஆயுளை இழப்பதாகக் கணக்கிட்டது. அதைக் காட்டி பீடி தேவலை என்று வாதாடுகிறவர்கள் உண்டு. ஆறு வருஷத்தை யாரும் சில்லறையாக நினைக்கக் கூடாது. தவிர, அது எல்லா நோயையும் சேர்த்துப் போட்ட கணக்கு. மாரடைப்பு என்று வரும்போது பீடிக்குச் சலுகை கிடையாது.

இளவயதையும் புகையிலையையும் நேராக முடிச்சுப் போடுகிற நோய் ஒன்று இருக்கிறது, பர்ஜர் நோய். 1908-ல் நியூயார்க்கில் லியோ பர்ஜர் என்ற மருத்துவர், துண்டிக்கப்பட்ட பதினோரு கால்களை ஆராய்ந்து விவரித்தது. இது கொழுப்பு படிவதால் வருவது இல்லை. சிறிய, நடுத்தரத் தமனிகளும் சிரைகளும் அழற்சியால் வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் 45 வயதுக்குள், பெரும்பாலும் ஆண்களுக்கு, ஏறத்தாழ எல்லாருமே புகையிலைக்காரர்கள். மேலை நாடுகளில் அரிதாகிவிட்டது, நம் பக்கம் இன்னும் இருக்கிறது. முதலில் அடைபடுவது கடைமடை, அதாவது விரல் நுனியும் பாதமும். தலைமடையில் தண்ணீர் தளும்பி ஓடும்போது கடைமடை வயல் வெடித்துக் கிடப்பதைத் தாமிரபரணிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தொடையில் கை வைத்தால் நாடி துள்ளும், பாதத்தில் ஒன்றும் இருக்காது.

ஒருவரை மட்டும், ஊரும் பேரும் இல்லாமல் சொல்கிறேன். 31 வயது, கொத்தனார். ராத்திரி வார்டைச் சுற்றும்போது எல்லாரும் படுத்திருப்பார்கள், அவர் மட்டும் கட்டில் விளிம்பில் வலது காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பார். "காலத் தூக்கி வச்சா கொள்ளிக்கட்டையால சுடுத மாதிரி இருக்கு சார். தொங்கப் போட்டாத்தான் கொஞ்சம் கண்ணசருது." கால் தொங்கினால் புவியீர்ப்பில் கொஞ்சம் ரத்தம் கீழே இறங்கும், அந்தச் சொட்டு ரத்தத்துக்காகத்தான் இரவெல்லாம் உட்கார்ந்தே கிடந்தார். தொங்கிய பாதம் செம்பு நிறத்தில் இருந்தது. தூக்கிப் பிடித்தால் ஒரு நிமிடத்துக்குள் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிடும். சுண்டுவிரல் நுனி கறுத்து, மரத்திலேயே காய்ந்த புளியம்பழம் போலச் சுருங்கியிருந்தது. அதற்கு முந்தின எட்டு மாதத்தில் அவருக்குச் சுளுக்கு எடுத்திருந்தார்கள், எண்ணெய் போட்டு நீவியிருந்தார்கள், 'நரம்பு ஊசி' போட்டிருந்தார்கள். தவிட்டு ஒத்தடம் கொடுத்ததில் மரத்துப்போன தோல் வெந்து புண்ணாகியிருந்தது. பாதத்தில் நாடி இருக்கிறதா என்று மட்டும் ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. நம் பேச்சில் ரத்தக்குழாய்க்கும் நரம்பு, உணர்ச்சி நரம்புக்கும் நரம்பு. அந்த ஒரு சொல்லிலேயே எத்தனையோ பேருக்கு மாதக்கணக்கில் காலம் போய்விடுகிறது.

அவருடைய அம்மா முப்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறவர். புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது பக்கத்தில் நின்றுகொண்டு, "ஐயா, சின்னப் பயலா இருக்கும்போது என் தட்டுல இருந்துதான் ஒண்ணு ரெண்டு எடுப்பான். நானும் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன். அதுலதான் இப்படி ஆயிட்டோ?" என்று கேட்டார். அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் அதே தட்டால்தான். உங்கள் மேல் குற்றம் இல்லை அம்மா, இன்றையிலிருந்து அவர் கையில் பீடி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். மகன் விட்டுவிட்டார். இரண்டு விரல் போனதோடு நின்றது. புண் ஆற ஐந்து மாதம் ஆனது, கால் நின்றது. பக்கத்துக் கட்டில்காரரால் விட முடியவில்லை. மாடிப்படிக்குக் கீழே போய், நாளைக்கு இரண்டே இரண்டு. முதலில் விரல், அப்புறம் முன்பாதம், இரண்டு வருஷத்தில் முழங்காலுக்குக் கீழே. இருவருக்கும் கொடுத்த மருந்து ஒன்றுதான். இந்த நோயில் உலகம் முழுக்க மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது: புகையிலையை அறவே விட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் காலோடு இருக்கிறார்கள், தொடர்ந்தவர்களில் பத்துக்கு நாலு பேர் போலச் சில ஆண்டுகளில் விரலையோ காலையோ இழக்கிறார்கள். ஒன்றிரண்டு பீடிகூட, உதட்டுக்கடியில் ஒதுக்குகிற புகையிலைகூட, அந்த நோயை உயிரோடு வைத்திருக்கப் போதும்.

பர்ஜர் நோய் எல்லாப் புகைப்பவருக்கும் வருவதில்லை, மிகச் சிலருக்குத்தான். அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல எந்த டெஸ்டும் இல்லை. பரம்பரைக் கூறு, ஈறு நோய்க் கிருமிகள் என்று தேடிப் பார்க்கிறார்கள், எதுவும் முடிவாகவில்லை. எல்லாருக்கும் பொதுவான ஆபத்து இதயம். இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிட ஐந்தாறு வருஷம் முந்தியே வந்தது. நாற்பது வயதுக்குள் மாரடைப்போடு வருகிறவர்களில் புகைப்பவர்கள்தான் எங்கேயும் அதிகம். அவர்களுக்கு ஆஞ்சியோகிராம் செய்து பார்த்தால், வயதானவர்களைப் போல மூன்று குழாயும் அடைத்திருக்காது. பல சமயம் ஒரே குழாயில் சுமாரான ஒரு படிவு, அதன்மேல் திடீரென உறைந்த ரத்தக்கட்டி. மெல்ல மெல்ல அடைத்து, மூச்சு வாங்க வைத்து, எச்சரிக்கை கொடுக்கிற கட்டமே அங்கே இல்லை. "நேத்து சாயங்காலம்கூட கிரிக்கெட் விளையாடுனான்" என்று வீட்டார் சொல்வது அதனால்தான்.

கேட்கக் கூச்சப்படுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆண்குறிக்குப் போகிற தமனி இதயத் தமனியைவிடச் சிறியது, விறைப்பு என்பதே நைட்ரிக் ஆக்சைடின் வேலை. உட்படலம் கெட்டால் சிலருக்கு அங்கேதான் முதலில் தெரியும். இருபதுகளில், முப்பதுகளில் இதற்காக ரகசியமாக லேகியம் தேடி அலைகிறவர்களில் எத்தனை பேர் சட்டைப்பையில் சிகரெட்டோடு அலைகிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். மனக்கவலையும் காரணமாக இருக்கலாம், எல்லாவற்றையும் புகையின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சரி, விட்டால் பழையபடி ஆகுமா? உறுதியாகச் சொல்லக்கூடியது: கார்பன் மோனாக்சைடு ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தை விட்டுப் போய்விடும். தட்டணுக்களின் ஒட்டும் குணம் சில வாரங்களில் தணியும். விட்டு ஓராண்டு ஆனவர்களிடம் கைத்தமனியை மறுபடி அளந்தபோது, உடல் எடை கூடியிருந்தும்கூட, விரியும் திறன் தேறியிருந்தது. மாரடைப்பின் கூடுதல் ஆபத்து ஓராண்டு வாக்கில் பாதியாக இறங்குகிறது. இழுபறியில் இருப்பது: ஒருநாளும் புகைக்காதவனின் குழாயைப் போலவே ஆகிவிடுமா என்பது. ஆரம்பக் கொழுப்புக் கோடுகள் பின்வாங்கக்கூடும். சுண்ணாம்பு ஏறிக் கெட்டிப்பட்ட மேடு கரைந்து காணாமல் போவதில்லை. இதயம் சீக்கிரம் மன்னிக்கும், கால் அவ்வளவு சீக்கிரம் மன்னிக்காது. கால் தமனி அடைப்பின் கூடுதல் ஆபத்து, விட்ட பிறகும் முப்பது வருஷம் வரை மெலிதாகத் தொடர்வதை அமெரிக்காவின் நீண்டகால ஆய்வு ஒன்று 2019-ல் காட்டியது. 26 வயதில் உங்கள் சுவரில் பெரும்பாலும் கோடுகளே இருக்கும், மேடுகள் இருக்காது என்பது ஊகம்தான், ஆனால் நியாயமான ஊகம். கரை அரிக்கத் தொடங்கிய நிலையில் மண் போட்டு அடைப்பதற்கும், உடைந்தபின் அடைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

முப்பது வயதுக் கணக்கு எங்கிருந்து வந்தது என்றும் சொல்கிறேன். பிரிட்டனில் மருத்துவர்களையே 1951-லிருந்து ஐம்பது வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழந்தார்கள். 30 வயதில் விட்டவர்கள் அந்தப் பத்தையும் கிட்டத்தட்ட முழுவதும் மீட்டார்கள், 40-ல் விட்டவர்கள் 9 ஆண்டை, 50-ல் விட்டவர்கள் 6 ஆண்டை. இது உண்மையான, நம்பகமான கணக்கு. ஆனால் நீங்கள் அதைத் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள். அறுபதில் இருப்பவரிடம் 'இப்போது விட்டாலும் மூன்று ஆண்டு கிடைக்கும்' என்று நம்பிக்கை கொடுக்க வந்த கணக்கு அது, இருபத்தாறில் இருப்பவருக்கு நாலு வருஷ வாய்தா கொடுக்க வந்தது இல்லை. சராசரிக்குள் எல்லாரும் அடங்கியிருக்கிறார்கள். 31 வயதில் விரலைக் கொடுத்த கொத்தனாரும், 34-ல் ஆம்புலன்ஸில் வருகிறவரும் அந்தச் சராசரிக்குள்தான். தவிர, ஒன்பது வருஷப் பழக்கத்தை விடுவதைவிடப் பதின்மூன்று வருஷப் பழக்கத்தை விடுவது கடினம்.

இழுபறி விஷயங்கள் இன்னும் இரண்டு, சுருக்கமாக. இ-சிகரெட்டை 2019-லேயே இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள், இருந்தாலும் சிலர் கேட்கிறார்கள். எரிந்த புகை இல்லாததால் சில நச்சுகள் குறைவு, ஆனால் உட்படலம் அதிலும் உடனடியாகத் தடுமாறுவது அளக்கப்பட்டிருக்கிறது. முப்பது வருஷம் இழுத்தவர்கள் என்று யாரும் இன்னும் இல்லை, ஆகவே நீண்டகாலப் பதிலும் இல்லை. அடுத்து, பீடி சுற்றுகிற பெண்கள். தூள் படும் கை, மூக்கு வழியாக அவர்கள் உடம்பில் நிக்கோட்டின் ஏறுவது சிறுநீர்ப் பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது. அது அவர்களின் ரத்தக்குழாயை எவ்வளவு பாதிக்கிறது என்பதை யாரும் தீர்த்துச் சொல்லவில்லை. அடுத்தவர் விடும் புகை விஷயத்தில் சந்தேகமே இல்லை. வீட்டுக்குள் ஒருவர் பிடித்தால், பிடிக்காத மற்றவருக்கும் இதயநோய் ஆபத்து 25 முதல் 30 சதவீதம் கூடுகிறது.

விடுகிற வழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கொஞ்சம். முதல் மூன்று நாலு நாள்தான் மிகக் கஷ்டம், மூன்று நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடம்தான் நிற்கும், அந்த நிமிடங்களை எங்கே கழிக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். டீக்கடையில், அந்தப் புகைகிற கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று கழிக்க முடியாது. டீயைக் கொஞ்ச நாள் வீட்டில் குடியுங்கள். நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கும். முன்னே சொன்னேனே, அரிப்பதில் பெரும்பங்கு புகைக்கு என்று, அதனால் பெரும்பாலோருக்கு அது நல்ல ஊன்றுகோல். பர்ஜர் நோய் என்று சந்தேகம் இருந்தால் மட்டும் அதுவும் வேண்டாம், அதனால்தான் முதலில் காலைக் காட்டச் சொல்கிறேன். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தேசியப் புகையிலை விடுப்பு உதவி கிடைக்கிறது. ஒரே தடவையில் விட்டவர்கள் குறைவு. மூன்றாவது, நாலாவது முயற்சியில் விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்தக் கெண்டைக்கால். 26 வயதில் கால் பிடித்தால் பெரும்பாலும் சாதாரணத் தசைப்பிடிப்பாகவோ, முதுகிலிருந்து வரும் உணர்ச்சி நரம்புத் தொந்தரவாகவோ இருக்கும். சிலருக்கு முழங்காலுக்குப் பின்னால் தசையே தமனியை நெரிப்பதும் உண்டு. ஆனால் நீங்கள் எழுதிய விதம், நடந்தால் வருகிறது என்பது, எனக்குப் பிடிக்கவில்லை. கவனித்துப் பாருங்கள். ஏறத்தாழ ஒரே தூரம் நடந்ததும் பிடிக்கிறதா, நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விடுகிறதா, மறுபடி அதே தூரத்தில் பிடிக்கிறதா? அப்படியென்றால் ரத்த ஓட்டம்தான் முதல் சந்தேகம். தூக்கத்தில் சுருட்டிப் பிடிப்பது பெரும்பாலும் வேறு. இடது பாதத்தின் மேல்பக்கம், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேராகக் கொஞ்சம் மேலே, இரண்டு விரலை லேசாக வைத்துப் பாருங்கள், நாடி தட்ட வேண்டும். உள் கரண்டைக்குப் பின்னாலும் தட்ட வேண்டும். வலது காலோடு ஒப்பிடுங்கள். பாதத்தின் மேல் உள்ள நாடி சிலருக்குப் பிறவியிலேயே கிடைக்காது, அதனால் கிடைக்கவில்லை என்றதும் பயந்துவிட வேண்டாம், இரண்டு இடத்திலும் இல்லை என்றால் தள்ளிப்போட வேண்டாம்.

எது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த வாரத்திலேயே பாளை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ, டாப்ளர் (ரத்த ஓட்டத்தை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் கருவி) வசதி உள்ள வேறு எந்த மருத்துவமனைக்கோ போய்க் காட்டுங்கள். கணுக்காலிலும் கையிலும் பிரஷரை அளந்து ஒப்பிடுவார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு என்று அர்த்தம். பர்ஜரில் கணுக்கால் நார்மலாக இருந்து விரல் மட்டும் காய்வது உண்டு, ஆகவே விரலையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை ஒத்தடம் வேண்டாம், நீவ வேண்டாம், வெறுங்காலோடு நடக்க வேண்டாம். விரல் நிறம் மாறினாலோ, சின்னக் காயம் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலோ, தோலுக்கடியில் சிவந்த கயிறு போல வலியோடு தடித்தாலோ, வாரம் முடியக் காத்திருக்க வேண்டாம். பாதம் திடீரென வெளுத்துச் சில்லிட்டு மரத்துப்போனால் அன்றைக்கே, அந்த மணிநேரத்திலேயே கிளம்ப வேண்டும். போகும்போது இன்னொன்று: அங்கே இருக்கிறவர் எத்தனை பிடிப்பீர்கள் என்று கேட்பார். அம்மாவோ அண்ணனோ கூட நிற்கிறார்கள் என்று குறைத்துச் சொல்லாதீர்கள். அவர்களைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, சிகரெட் எத்தனை, பீடி எத்தனை, எந்த வயதிலிருந்து என்று உள்ளபடி சொல்லுங்கள்.